பெரியதை விட்டுச் சிறியதை மறிக்கும் வாசல்

இரங்கூனில் மாங்காய்க் காலம் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்குச் சற்று முன்பே தொடங்கிவிடும். தாமுவேயில் உள்ள எங்கள் வீட்டில் அந்தப் பதினைந்து நாட்களும் அத்தையின் ஆட்சிதான். கூடத்தில் பழைய செய்தித்தாள்களை விரித்து, அரிவாள்மணையின் முன் உட்கார்ந்து, கொட்டையோடு சேர்த்து மாங்காயை எட்டாக வகுந்து, கல்லுப்பைக் கண்ணளவில் அள்ளிப் போட்டு, பீங்கான் ஜாடியில் குலுக்கி, அதன் வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைப்பார். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் ஊறுகாய் பூத்துவிடும் என்பதால், ஈரக் கையோடு யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. அவ்வளவு காபந்து செய்தும், மறுநாள் காலையில் வேட்டை அவிழ்த்தால் ஜாடியின் அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்.

இந்த ஆண்டு, என்னிடம் மாலையில் உயிரியல் படிக்க வரும் பிள்ளைகளில் ஒருத்தி ஜாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சயா, தண்ணீரே ஊற்றவில்லையே, இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாள். பர்மிய மொழியில் ஆசிரியரைச் சயா என்பார்கள். பக்கத்தில் இருந்த பையன், "உப்பு உறிஞ்சிவிட்டது" என்று உடனே பதில் சொன்னான். அத்தையும் ஐம்பது ஆண்டுகளாக அதையேதான் சொல்லி வருகிறார். "சரி, உப்பு தண்ணீரை வெளியே இழுக்கிறது என்றால், அதே வழியாக உப்பு ஏன் உடனே உள்ளே போகவில்லை?" என்று அந்தப் பெண் மறுபடியும் கேட்டபோது, பையனிடம் பதில் இல்லை. நான் அவசரப்பட்டு, செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு ஒரு சல்லடை போன்றது, சிறியது கடந்துவிடும், பெரியது நின்றுவிடும் என்று சொல்லிவிட்டேன். பள்ளியில் பர்மிய மொழியிலும் ஆங்கிலத்திலும் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டுத் தமிழில் சொல்லும்போது கைக்குக் கிடைத்த உவமையைப் பயன்படுத்திவிடுவது என் பழக்கம். அன்று இரவு யோசித்துப் பார்த்தபோது, அந்த உவமை பாதி தவறு என்பதும், பிள்ளைகள் அதைத்தான் மறக்காமல் வைத்துக்கொள்வார்கள் என்பதும் உறுத்தின. அதைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஜாடியில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். மாங்காயின் சதை, நீர் நிறைந்த கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்கும் வெளியே உறுதியான சுவரும், சுவரை ஒட்டி உட்புறத்தில் மெல்லிய சவ்வும் உண்டு. செல்லின் உள்ளே நீரோடு சர்க்கரைகளும் அமிலங்களும் தாது உப்புகளும் கரைந்திருக்கின்றன. வெளியே அத்தை போட்ட கல்லுப்பு, வெட்டுப்பட்ட பரப்பில் இருந்த ஈரத்தில் கரைந்து, உள்ளே இருப்பதைக் காட்டிலும் பல மடங்கு செறிவான கரைசலாகிவிடுகிறது. கரைபொருள் மிகுந்த இடத்தில் நீர் மூலக்கூறுகளின் பங்கு குறைவு என்பதால், நீர் நிறைந்திருக்கும் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி நிகரமாக நீர் நகர்கிறது. இதைத்தான் பாடநூல்கள் சவ்வூடு பரவல் என்கின்றன. உண்மையில் நீர் மூலக்கூறுகள் இரு திசைகளிலும் ஓயாமல் போய் வந்துகொண்டே இருக்கின்றன. வெளியே போகும் எண்ணிக்கை உள்ளே வருவதைவிட மிகுதி, அவ்வளவுதான். நீரை இழக்க இழக்க, சவ்வு தன் சுவரை விட்டு விலகி உள்ளே சுருங்குகிறது. சுவர் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. கடித்தால் மொறுமொறுவென்று முறிந்த துண்டு துவண்டு போவது இதனால்தான். சில நாட்களில் சவ்வு தன் காவலை முற்றிலும் இழந்துவிடுகிறது. அதன் பிறகே உப்பு நடுச்சதை வரை இறங்குகிறது. ஊறுகாய் 'ஊறுவது' என்று நாம் சொல்வது, சவ்வுகள் செத்த பிறகு நடப்பது.

உப்பிட்டு ஊறவைத்த மீன் விழுதான நாப்பி, ஜாடியில் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கும் இதே காரணம்தான். அவ்வளவு உப்புக்குள் விழும் பெரும்பாலான நுண்ணுயிர்கள், பெருகுவதற்கு வேண்டிய நீரைத் தக்கவைக்க முடியாமல் முடங்கிவிடுகின்றன.

இதையே நான் ஒருமுறை வயலில் பார்த்திருக்கிறேன். 2008 மே 2ஆம் தேதி நர்கிஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தில் கரையேறியபோது, பியாபோன் பக்கம் நெல் விளைவித்துக்கொண்டிருந்த என் தாய்மாமனின் நிலத்துக்குள் கடல் புகுந்தது. உயிரிழப்பையும் வீடிழப்பையும் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு இந்த இடம் போதாது. வெள்ளம் வடிந்த பிறகு, அந்த ஆண்டை விட்டுவிடக்கூடாது என்று மாமா முதல் மழையிலேயே நாற்று நட்டுவிட்டார். மண்ணில் தங்கிய உப்பை மழை முழுவதும் கழுவி முடித்திருக்கவில்லை. நாற்றுகள் கணுக்கால் அளவு நீரில் நின்றுகொண்டே வாடின. இலைநுனி முதலில் வெளுத்தது, பிறகு சுருண்டது, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வந்தது. வானம் மூட்டமாக இருந்தது. வெயிலைக் குறை சொல்ல வழியில்லை. "தண்ணீரிலே நிற்கிற பயிர் தாகத்தில் சாகுதுடா" என்று மாமா சொன்னார். அவர் சொன்னது அறிவியலாகவும் சரி. கடல் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அது எவ்வளவு நீர்த்துப் போனாலும், வேரின் செல்களுக்குள் இருப்பதற்கு நெருங்கிய செறிவில் இருந்தால் வேர் நீரை ஈர்ப்பது கடினமாகிறது. அதற்கு மேல் போனால் வேரிலிருந்தே நீர் வெளியேறும்.

அதே கழிமுகத்தின் ஓரத்தில், மாமாவின் வயலிலிருந்து சில மைல் தொலைவில், கண்டல் மரங்கள் பசுமையாக நின்றன. அவை ஆயுள் முழுவதும் உப்பு நீரிலேயே நிற்பவை. பல கண்டல் இனங்களின் வேர்கள் உப்பின் பெரும்பகுதியை வாசலிலேயே தடுத்துவிடுகின்றன. சில இனங்கள் தப்பித் தவறி உள்ளே வந்ததை இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகின்றன. அத்தகைய இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். நெல்லிலும் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. வங்காளத்தின் உவர்நில நெல்லான நோனா போக்ராவின் வேர்களில், தண்டுக்கு ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தை மட்டும் பிடித்துத் திருப்பி இழுத்துக்கொள்ளும் ஒரு சவ்வுப் புரதம் திறமையாக வேலை செய்வதை 2005இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். 'நோனா' என்றால் வங்க மொழியில் உவர்ப்பு. ஒரே நீர், ஒரே உப்பு, ஒரே அளவு துளைகள் என்று வைத்துக்கொண்டால் இந்த வேறுபாடுகளை விளக்கவே முடியாது. எனவே சவ்வு எதனால் ஆனது என்பதைப் பார்க்க வேண்டும்.

அதன் அடிப்படைப் பொருள் கொழுப்பு. 1890களின் இறுதியில் சூரிச்சில் எர்னஸ்ட் ஓவர்ட்டன் என்பவர், நூற்றுக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகச் செல்களின் மேல் சோதித்துப் பார்த்து, எண்ணெயில் எளிதாகக் கரையும் பொருள் செல்லுக்குள்ளும் எளிதாக நுழைகிறது என்று கண்டார். இதிலிருந்து, செல்லைப் போர்த்தியிருப்பது கொழுப்பைப் போன்ற ஒரு பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். 1925இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, நீரின் மேல் ஒற்றை மூலக்கூறுப் படலமாகப் பரப்பி அளந்தபோது, அது அந்த அணுக்களின் மொத்த மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இடத்தை மூடியது. ஆகவே சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு என்று முடிவு செய்தனர். இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு: அவர்கள் கொழுப்பை முழுவதுமாகப் பிரித்தெடுக்கவில்லை, அணுவின் பரப்பளவையும் குறைத்தே கணக்கிட்டிருந்தனர். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டதால் விடை சரியாக வந்தது. என் மாணவர்கள் இயற்பியல் கணக்கில் இப்படி விடை கொண்டு வந்தால் நான் மதிப்பெண் போடுவதில்லை.

இரண்டு அடுக்குக்கும் காரணம் அந்தக் கொழுப்பு மூலக்கூறின் இயல்பே. அதன் தலை நீரை விரும்புவது, இரு வால்களும் நீரை வெறுப்பவை. வெளியிலும் நீர், உள்ளேயும் நீர் என்று இருக்கும்போது, தலைகள் இருபுறமும் நீரைப் பார்த்து நிற்க, வால்கள் நடுவில் ஒன்றோடொன்று ஒளிந்துகொள்கின்றன. இதில் மிதக்கும் புரதங்களையும் சேர்த்துக்கொண்டால், மொத்தத் தடிமன் 7 அல்லது 8 நானோமீட்டர்தான். நாம் எழுதும் தாளின் தடிமனை எட்ட, ஏறத்தாழ பதின்மூவாயிரம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த படிமத்தில், இந்தப் படலம் கெட்டியான தகடாக இல்லை. எண்ணெய்போல் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருப்பது, அதில் புரதங்கள் பொதிந்தும் மிதந்தும் கிடப்பவை. சல்லடை என்று சொல்லிவிட்ட என்னை முதலில் இடித்தது இதுதான். எண்ணெயில் யாராவது துளை போட முடியுமா?

எண்ணெய்ப் படலம் என்று கொண்டால் பாதி விளங்கிவிடுகிறது. ஆக்சிஜனும் கரியமில வாயுவும் யாரையும் கேட்காமல் கடந்து போகின்றன. சாராயமும் அப்படித்தான். ஆனால் உப்பு நீரில் கரையும்போது பிரிந்து வரும், மின்னூட்டம் கொண்ட சோடியம் அயனி, தன்னைச் சூழ்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகளை விட்டுவிட்டு எண்ணெய்க்குள் இறங்க வேண்டியிருப்பதால், அளவில் மிகச் சிறியதாக இருந்தும் அதனால் கடக்க முடிவதில்லை. பெண் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான்: உப்பு உடனே உள்ளே போகாததற்குக் காரணம் அதன் பருமன் இல்லை, அதன் மின்னூட்டம்.

சல்லடை உவமையை முழுவதுமாகக் கவிழ்த்துவிடுவது பொட்டாசியம் வாயில். சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களில் சில, குறிப்பிட்ட அயனிக்கு மட்டும் வழிவிடும் குழாய்கள். பொட்டாசியம் அயனி சோடியம் அயனியைவிடப் பெரியது. முதலாவதன் ஆரம் ஏறத்தாழ 0.13 நானோமீட்டர், இரண்டாவதன் ஆரம் 0.10. ஆனால் பொட்டாசியம் வாயில், பெரிய பொட்டாசியத்தை நொடிக்குக் கோடிக்கணக்கில் உள்ளே வெளியே விட்டுக்கொண்டு, சிறிய சோடியத்தை ஏறக்குறைய முற்றிலும் தடுத்துவிடுகிறது. மாவு நின்றுகொண்டு குருணை கீழே விழும் சல்லடையை யாராவது பார்த்ததுண்டா? ரோடரிக் மெக்கின்னன் 1998இல் அத்தகைய வாயில் ஒன்றின் கட்டமைப்பை வெளியிட்ட பிறகுதான் இதன் மர்மம் தெளிந்தது. வாயிலின் மிகக் குறுகிய பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக உள்நோக்கி நிற்கின்றன. பொட்டாசியம் தன் நீர்ப் போர்வையைக் களைந்துவிட்டு நுழையும்போது, அந்தப் போர்வையில் இருந்த அதே இடைவெளியில் இந்த அணுக்கள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. எனவே அதற்கு இழப்பில்லை. சோடியம் சிறியது என்பதால், இருபக்கமும் ஒரே நேரத்தில் ஒட்ட முடியாமல் நடுவில் தளர்வாக நிற்கும். போர்வையைக் கொடுத்துவிட்டு ஈடாக எதுவும் கிடைக்காத இடத்துக்கு அது ஏன் போகப் போகிறது? தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டை பெரியவருக்குப் பொருந்தும், பையனுக்குத் தொளதொளக்கும். அளவு குறைந்தால் எதிலும் நுழையலாம் என்ற நம் நினைப்பு இங்கே செல்லாது.

நீரின் கதையும் இப்படித்தான் நெடுங்காலம் குழம்பிக் கிடந்தது. கொழுப்புப் படலத்தின் வழியாக நீர் மெல்லக் கசியும். ஆனால் சிவப்பணுக்களும் சிறுநீரகச் செல்களும் நீரைக் கடத்தும் வேகத்துக்கு அந்தக் கசிவு போதாது. பால்டிமோரில் பீட்டர் ஏகர் என்ற மருத்துவர், இரத்த வகை தொடர்பான வேறொரு புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, அழைக்காமல் வந்த விருந்தாளிபோல் ஒரு புரதம் திரும்பத் திரும்பத் தட்டுப்பட்டது. சிவப்பணுக்களில் அது ஏராளமாக இருந்தது. ஆனால் என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அதைத் தயாரிப்பதற்கான செய்தி ஆர்என்ஏவைத் தவளை முட்டைகளுக்குள் செலுத்தி, அவற்றை நீர்த்த கரைசலில் போட்டார்கள். சாதாரணத் தவளை முட்டைகள் குளத்து நீரில் கிடந்தும் உப்பாதவை. செலுத்தப்பட்ட முட்டைகளோ சில நிமிடங்களில் ஊதிப் பெருத்து வெடித்தன. 1992இல் வெளியான இந்தச் சோதனை, நீருக்கென்றே தனி வாயில் உண்டு என்பதை ஐயமின்றிக் காட்டியது. ஏகரும் மெக்கின்னனும் 2003இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஒரே ஒரு நீர்வாயில் வழியாக நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் கடக்கின்றன. அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஹைட்ரஜன் அயனிகூட நுழைந்துவிட முடியாது. நம் சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போக மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்வது இத்தகைய வாயில்களால் முடிகிறது. உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீரகச் செல்கள் உள்ளே கட்டி வைத்திருக்கும் கூடுதல் வாயில்களைச் சவ்வுக்குக் கொண்டு வந்து பொருத்தும். சித்திரை வெயிலில் நாம் கழிக்கும் சிறுநீர் மஞ்சளாவது அப்போதுதான்.

இதுவரை சொன்ன எல்லாமே பள்ளம் நோக்கிய ஓட்டம். செல் அதற்குச் செலவு எதுவும் செய்வதில்லை. மேட்டை நோக்கி ஏற்ற வேண்டுமானால் செலவு உண்டு. நம் செல்லுக்குள் சோடியம் குறைவு, பொட்டாசியம் மிகுதி. வெளியே இரத்தத்தில் சோடியம் அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு, பொட்டாசியமோ உள்ளே இருப்பதில் முப்பதில் ஒரு பங்கு. இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிலைக்காது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ, கரையோர நண்டுகளின் கால் நரம்பை அரைத்து ஆராய்ந்து, இதைக் காக்கும் பம்பை 1957இல் கண்டுபிடித்தார். நோபல் பரிசு வருவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்தப் பம்பு ஒரு சுற்றில் மூன்று சோடியத்தை வெளியே இறைத்து, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும். சுற்றுக்கு, செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று விலை. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த இறைப்புக்கே போகிறது. இரத்த வங்கியில் குளிரூட்டி வைத்த இரத்தத்தில் பம்பு மந்தமாகிவிடுவதால், நாளாக நாளாகச் சிவப்பணுவிலிருந்து பொட்டாசியம் கசிந்து வெளியே சேரும். கோயில் மாலையில் நாம் கட்டும் அரளியின் நஞ்சும் இந்தப் பம்பைத்தான் பிடித்து நிறுத்துகிறது; இதயம் தாளம் தப்புவது அதனால். மாடுகூட அரளியைத் தின்னாது என்று ஊரில் சொல்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

பம்பு இறைத்து இறைத்து வெளியே தேக்கி வைத்த சோடியத்துக்கு, மறுபடியும் உள்ளே பாயும் வேகம் உண்டு. அணையில் தேக்கிய நீர் மாதிரி. அந்த வேகத்தைச் செல் வீணாக்குவதில்லை. குடலின் உட்புறச் செல்களில், சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும் ஒரு புரதம் இருக்கிறது. அடகுக் கடையின் இரட்டைக் கதவைப்போல் அது வேலை செய்கிறது: வெளிக்கதவு திறந்திருக்கும்போது உட்கதவு மூடியிருக்கும். இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் இடைவெளிக்குள் வந்து அமர்ந்த பிறகு வெளிக்கதவு சாத்திக்கொள்ள, உட்கதவு திறந்து மூன்றையும் உள்ளே இறக்கிவிடும். சோடியம் பள்ளத்தில் பாயும் விசையில், குளுக்கோஸ் மேட்டில் ஏறிவிடுகிறது. இவை இரண்டும் போன பின்னால் நீரும் போகிறது. 1960இல் பிராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் இந்த எண்ணத்தை முதன்முதலாக முன்வைத்தார். சவ்வைப் பற்றி நான் படித்தவற்றில் இதைக் காட்டிலும் பயனுள்ள செய்தி ஒன்றும் இல்லை என்பது என் கருத்து.

காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிருமி குடல் செல்லைக் கொல்வதில்லை, கிழிப்பதும் இல்லை. அதன் நஞ்சுதான் நோயை உண்டாக்குகிறது என்பதைக் கல்கத்தாவில் சம்பு நாத் டே 1959இல் நிறுவினார். அந்த நஞ்சு செல்லுக்குள் ஒரு சமிக்ஞையை நிறுத்தவே முடியாதபடி தூண்டிவிட, குளோரைடு வாயில்கள் திறந்தது திறந்தபடி நின்றுவிடுகின்றன. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. அதன் பின்னால் சோடியம், அதன் பின்னால் நீர். கடுமையான நிலையில் பெரியவர் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கக்கூடும். ஆனால் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே விடும் இரட்டைக் கதவை அந்த நஞ்சு தொடுவதில்லை. வெறும் நீர் கொடுத்தால் உடம்பில் தங்காத நோயாளிக்கு, உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் கலந்த நீர் கொடுத்தால் உடம்பில் ஏறும். 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோரம் பாங்காவ் அகதி முகாமில் நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் இந்தக் கலவையைப் பெரிய கலன்களில் கரைத்து, நோயாளிகளின் தாய்மார்களையும் உறவினர்களையும் கொண்டே வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இப்போது பொட்டலங்களில் கிடைப்பது 2002இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய அளவு: ஒரு லிட்டர் நீருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். முந்தைய கலவையைவிட இது நீர்த்தது. அதன் மொத்தச் செறிவு இரத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்குமாறு வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். நீர் குடலிலிருந்து இரத்தத்தின் பக்கம் நகர்வதற்கு அதுவும் உதவும். பர்மிய மொழியில் இதைத் தாட்சா என்கிறார்கள். 'சா' என்றால் உப்பு. 'தாட்' நம்முடைய தாதுவேதான், பாலி வழியாக அங்கே போனது. தாதுப்பு என்று தமிழில் சொன்னால் ஒரெழுத்துக்கூடப் பொருள் மாறாது.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் எழுதிவிட வேண்டும். 1997இல் நாட்டில் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. விலங்கியல் படித்துக்கொண்டிருந்த நான் வீட்டில் சும்மா இருந்தேன். அந்த மழைக்காலத்தில் அத்தைக்கு இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. விடியற்காலையில் தெருமுனைக் கடையைத் தட்டி எழுப்பி ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். பொட்டலத்தின் பின்புறம் பர்மிய எழுத்தில் அளவு தெளிவாக அச்சிட்டிருந்தது, நான் படிக்கவில்லை. மருந்து கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும் என்று எண்ணி, முழுப் பொட்டலத்தையும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் கொட்டி, விரலால் கலக்கிக் கொடுத்தேன். "உவர்க்குதே தம்பி, குமட்டுது" என்று அத்தை முகத்தைச் சுளித்தார். "மருந்து அப்படித்தான் இருக்கும், ஒரே மூச்சில் குடிங்க அத்தை" என்று நான் வற்புறுத்தினேன். அரை மணிக்குள் நிலைமை மோசமானது. நாக்கு ஒட்டிக்கொண்டது, கை விரல்களின் தோல் கழுவி ஊறியதுபோல் திரைந்திருந்தது, புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது.

சைக்கிள் ரிக்ஷாவில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த சயாமா (பெண்ணை அப்படி அழைப்பார்கள்), என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எத்தனை டம்ளர் நீரில் என்றார். ஒன்று என்றேன். அவர் திட்டவில்லை. மேசைமேல் இருந்த ஒரு லிட்டர் புட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார், பக்கத்தில் ஒரு டம்ளரை வைத்தார், பிறகு அத்தையின் கையில் ஊசி ஏற்றப் போய்விட்டார்.

கணக்கை நான் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். சரியாகக் கரைத்தால் லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல் (கரைந்த துகள்களை எண்ணும் அலகு) இருக்க வேண்டிய செறிவு, 200 மில்லி டம்ளரில் ஐந்து மடங்காகி 1225 ஆகிறது. இன்றைய கலவையை வைத்துப் போட்ட கணக்கு இது. அன்றைய பழைய கலவை இன்னும் கெட்டியானது. இரத்தத்தின் செறிவு 290 அளவில். கடல் நீர் ஏறத்தாழ 1000. அதாவது, ஏற்கெனவே நீரிழந்து கிடந்த குடலுக்குள் கடலைவிடக் கெட்டியான ஒன்றை ஊற்றியிருக்கிறேன். உள்ளே போக வேண்டிய நீர், மாங்காயிலிருந்து ஜாடிக்கு வருவதுபோல், இரத்தத்திலிருந்து குடலுக்கு வந்திருக்கிறது. சவ்வூடு பரவலுக்குத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவன் அத்தையின் குடலை ஊறுகாய் போட்டேன்.

அத்தை இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இப்போது எண்பதைத் தாண்டியும் மாங்காய் வகுந்துகொண்டிருக்கிறார். அவருக்குப் பர்மிய மொழி பேச வரும், படிக்க வராது. எனவே ஊறுகாய் ஜாடிகள் இருக்கும் அதே அலமாரியின் மேல்தட்டில் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டி ஒன்றை வைத்து, நீர் வர வேண்டிய மட்டத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, 'பொட்டலம் முழுவதும், தண்ணீர் கோடு வரை, ஆறவைத்த வெந்நீர், மிச்சம் மறுநாள் கொட்டிவிடவும்' என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கேள்வி கேட்ட பெண் அதைப் படித்துவிட்டு, கோட்டுக்கு மேலே கூடக் கொஞ்சம் ஊற்றினால் என்ன என்று கேட்டாள். கொஞ்சம் கூடினால் பெரிய கேடில்லை, குறைந்தால்தான் கேடு என்று சொல்லி, சல்லடைப் படத்தைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிட்டு, அடகுக் கடைக் கதவை வரையத் தொடங்கினேன்.